அவலரக்கும் இருபத்தைந்து நாள் விடுப்பும்

மேசையின் மேற்பலகையில் எண்ணிப் பார்த்தேன்: 11 வெள்ளை வளையங்கள். சூட்டோடு இறக்கி வைத்த பாத்திரங்களின் தடம். வடக்கு ஓரத்தில் இரும்பு வாணலி உட்கார்ந்த இடத்தில் மை ஊறியதுபோல ஒரு கறுப்பு வட்டம். நடுப்பலகையில் ஒரு முழ நீளத்துக்கு விரிசல். அதற்குள் ஒரு பத்து ரூபாய் நாணயத்தை நிறுத்தி வைக்கலாம். ஒரு கால் ஆடியது. அடிச்சட்டத்தைத் தட்டினால் மாவு கொட்டியது. ஜனவரி 2ஆம் தேதி மெல்போர்னிலிருந்து ஆனைமலைக்குப் பக்கத்தில் இருக்கும் எங்கள் தோட்டத்து வீட்டுக்கு வந்து சேர்ந்தபோது, அம்மா அதன்மேல் பிளாஸ்டிக் விரிப்பைப் போட்டு, பழைய செய்தித்தாள்களை அடுக்கி வைத்திருந்தார்.

வால்பாறையில் எஸ்டேட் பங்களா ஒன்றைக் காலி செய்தபோது எங்கள் அப்பாரு, அதாவது தாத்தா, வாங்கிய மேசை அது. 40 கொண்டை ஊசி வளைவுகளிலும் வைக்கோல் சுற்றி லாரியில் இறக்கி வந்தார்களாம். தரையில் பாய் விரித்துச் சாப்பிட்டுப் பழகிய, நடுமுற்றம் வைத்த தொட்டிக்கட்டு வீட்டுக்குள் எட்டுப் பேர் உட்காரும் மேசை வந்ததை ஊரே பார்க்க வந்ததாகச் சொல்வார்கள். வருகிற விருந்தாளிகளுக்கும் வீட்டு ஆண்களுக்கும் அதில் இலை போட்டார்கள். எங்கள் பாட்டியான ஆத்தா ஒரு நாளும் அதில் உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. அம்மா அதைச் சுற்றி நின்று பரிமாறியே நாற்பது ஆண்டுகளைக் கழித்தவர். ஆனாலும் அந்த மேசையை விற்க மனம் வராதவரும் அவர்தான்.

27ஆம் தேதி எனக்குத் திரும்பும் விமானம். கையில் 25 நாள். அதற்குள் முடிக்க வேண்டும் என்ற அவசரம்தான் முதல் தவறுக்குக் காரணம்.

கோயம்புத்தூரில் பெரிய சாலை ஒன்றில் இருக்கும் மரச்சாமான் கடைக்கு வாட்ஸ்அப்பில் படங்கள் அனுப்பினேன். அரை மணி நேரத்தில் விலை வந்தது: 38,000 ரூபாய். நேரில் பார்க்க வேண்டாமா என்று கேட்டதற்கு, "படமே போதும்" என்றார்கள். பழைய பாலிஷை மெஷினில் தேய்த்து எடுத்துவிட்டு, அடர்ந்த நிறம் ஏற்றி, மேலே பாலியூரிதேன் தெளித்துக் கொடுப்பார்களாம். கண்ணாடிபோல் இருக்குமாம். 5,000 முன்பணம் கட்டினேன். 6ஆம் தேதி இரண்டு பையன்கள் வந்தார்கள். மேசையைத் திருப்பிக்கூடப் பார்க்காமல் ஒரு மூலையில் தேய்ப்பு மெஷினை வைத்தார்கள். ஒரு நிமிடம் இருக்கும். அறுபது எழுபது ஆண்டுகளாகக் கைபட்டுக் கைபட்டுத் தேன் நிறத்துக்கு வந்திருந்த மரம், புதிதாக அறுத்த பலகைபோல் வெளிறிப்போனது. விளிம்பில் ஓடிய மெல்லிய வரி பாதி அழிந்துவிட்டது. நிறுத்தச் சொன்னேன். முன்பணத்தில் 2,000 மட்டும் திரும்பி வந்தது. பையன்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. அவர்களுக்கு அந்த ஒரு வேலையைத்தான் கற்றுக் கொடுத்திருக்கிறார்கள். பார்க்காமலே விலை சொன்னவர்கள் மேல் இன்னும் கோபம் இருக்கிறது.

அடுத்த நாள் பொள்ளாச்சியில் ஒரு மரம் அறுக்கும் மில்லில் போய் விசாரித்தேன். "தேர் வேலை செய்கிற ஆசாரி ஒருவர் இருக்கிறார், அவர் மனது வைத்தால் உண்டு" என்று ஒரு தொலைபேசி எண்ணைக் கொடுத்தார்கள். 8ஆம் தேதி காலையில் மொபெட்டில் வந்து இறங்கினார். எழுபதைத் தொட்டவர். காபியைக் குடித்துவிட்டு அவர் சொன்ன முதல் சொல்: "கவிழ்த்துங்க."

கவிழ்த்த மேசைக்கு முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தார். அடிப்பக்கத்தைக் கத்தி முனையால் மயிரளவு சுரண்டி, எச்சில் தொட்டு நனைத்துப் பார்த்தார். மேற்பலகை தேக்கு, கால்கள் ஈட்டி மரம் (ரோஸ்வுட்). பஞ்சில் ஸ்பிரிட் நனைத்துச் சட்டத்தின் உட்புறம் ஒற்றினார். இரண்டு நிமிடத்தில் அந்த இடம் பிசுபிசுத்தது. "அவலரக்கு அம்மிணி. நல்லதாகப் போயிற்று" என்றார். ஏன் நல்லது என்று கேட்டேன். ஸ்பிரிட்டில் கரைந்து போடப்பட்டது ஸ்பிரிட்டிலேயே கரைந்து வரும். மெஷினும் வேண்டாம், மரத்தையும் தேய்க்க வேண்டாம். புதுப் பாலிஷ் வகைகள் அப்படி இல்லை. ஒரு முறை இறுகிவிட்டால் சுரண்டித்தான் எடுக்க வேண்டும்.

புரசு, இலந்தை போன்ற மரங்களின் கிளைகளில் அரக்குப் பூச்சி கசியவிடும் பிசினை உருக்கி, மெல்லிய தகடாக இழுத்து நொறுக்கினால் கிடைப்பது அவலரக்கு. பார்த்தால் சிவந்த அவல்தான். பெயர் அப்படித்தான் வந்தது.

வளையங்களைப் பற்றி அவர் சொன்னதை எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும். "வெள்ளைக் கறை பாலிஷில் இருக்கிறது, கறுப்புக் கறை மரத்தில் இருக்கிறது." சூட்டில் ஈரம் அரக்குக்குள் புகுந்து வெளுத்ததுதான் வெள்ளை வளையம். ஸ்பிரிட் ஒற்றிய துணியை லேசாக ஓட்டியதும் 11இல் எட்டு என் கண்ணெதிரிலேயே மறைந்தன. கறுப்பு அப்படிப் போகாது. இரும்பும் ஈரமும் மரத்தின் துவர்ப்போடு கூடி உள்ளே இறங்கிய கறை அது. அந்த இடத்தில் மட்டும் அரக்கை எடுத்துவிட்டு, ஆக்ஸாலிக் அமிலத்தை வெந்நீரில் கரைத்துத் தடவினார். மறுநாள் காலையில் வட்டம் சாம்பல் நிறத்துக்கு இறங்கியிருந்தது. இன்னொரு முறை தடவி, நல்ல தண்ணீரால் மூன்று முறை துடைத்தெடுத்தார். அமிலத்தூள் மூக்கில் ஏறக்கூடாது என்று அதுவரை எங்களை அந்தப் பக்கமே விடவில்லை.

விரிசலுக்குக் காரணமும் அடியில்தான் இருந்தது. நான் பள்ளியில் படித்த காலத்தில் யாரோ பலகைகளுக்குக் குறுக்கே இரண்டு இரும்புப் பட்டைகளை முடுக்கிவிட்டிருந்தார்கள், உறுதியாக இருக்கட்டும் என்று. மரம் நீளவாக்கில் அவ்வளவாக அசையாது. அகலவாக்கில் மழைக்கு விரியும், காய்ச்சலுக்குச் சுருங்கும். பாலக்காட்டுக் கணவாய்க் காற்று அடிக்கிற எங்கள் பக்கத்தில் கேட்கவே வேண்டாம். சுருங்க இடம் கொடுக்காமல் பிடித்து வைத்தால் பலகை தன்னைத்தானே பிளந்துகொள்ளும். பட்டைகளைக் கழற்றி எறிந்துவிட்டு மரச் சட்டம் போட்டார். திருகாணித் துளைகளை வட்டமாக விடாமல் நீள்வட்டமாகக் குடைந்தார். "மரம் மூச்சு விடட்டும்" என்றார். விரிசலுக்குள் வைக்க, இடித்த வீடுகளின் கதவு சன்னல் விற்கும் கடையிலிருந்து பழைய தேக்குச் சன்னல் சட்டம் ஒன்று வாங்கி வந்தோம். அதிலிருந்து சீவிய சிம்பு, வரியோடு வரி சேர்ந்து உட்கார்ந்தது.

ஆடிய காலைக் கழற்றிய விதத்தை நான் மறக்க மாட்டேன். பொருத்தில் வெந்நீர்த் துணியைச் சுற்றிக் கால் மணி நேரம் விட்டார். பிறகு கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலால் இரண்டே தட்டு. வச்சிரப் பசை இளகி, காலின் துளைக்குள் செருகியிருந்த சட்டத்தின் முனையான கழுந்து முழுதாக வெளியே வந்தது. அந்தக் காலத்துத் தச்சர் கழுந்தின் பக்கவாட்டில் உளியால் இரண்டு கோடு போட்டிருந்தார். எதிரே காலின் துளைக்கு மேலும் அதே இரண்டு கோடு. எந்தச் சட்டம் எந்தக் காலுக்கு என்ற அடையாளம். ஆசாரியார் அதைப் பெருவிரலால் தடவிப் பார்த்துவிட்டு, புதிதாகச் செய்து மாட்டிய சட்டத்திலும் இரண்டு கோடு போட்டார். உளுத்த சட்டத்தை மாற்றித்தான் ஆக வேண்டியிருந்தது. அது தேக்கின் வைரம், அதாவது முற்றிய நடுமரம், அல்ல. ஓரத்து வெள்ளை மரம். தேக்கு என்றால் எதுவும் அண்டாது என்று நினைத்திருந்தேன். வைரத்துக்குத்தான் அந்தப் பெருமை.

தேக்கைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. எங்கள் வீட்டு மொட்டை மாடியிலிருந்து பார்த்தால் தெரியும் ஆனைமலைக் காடுகள் ஒரு காலத்தில் கப்பலுக்கும் ரயிலுக்கும் வெட்டி வெட்டி வெறிச்சோடிப் போனவை. வெட்டிய தேக்கை மலை உச்சியிலிருந்து சரித்துவிட்ட இடம்தான் டாப்சிலிப். அந்தக் காட்டை மறுபடி வளர்த்தெடுத்த ஹ்யூகோ வுட் என்ற வன அதிகாரியின் கல்லறை அங்கேயே இருக்கிறது. நினைவுச் சின்னத்தைத் தேடுகிறீர்களானால் சுற்றிலும் பாருங்கள் என்ற பொருளில் லத்தீனில் பொறித்திருக்கிறார்கள். மேசை வேலை நின்றிருந்த பொங்கல் நோம்பி நாள் ஒன்றில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய்ப் பார்த்துவிட்டு வந்தேன்.

14 முதல் 17 வரை நோம்பி. ஆசாரியார் கருவிகளைக் கழுவிப் பொட்டு வைத்துவிட்டார், தொடமாட்டார். பொங்கலை ஒட்டி விடுப்பு எடுத்து வருகிறவர்கள் இந்த நான்கு நாளைக் கணக்கிலிருந்து கழித்துவிட்டுத் திட்டமிடுங்கள்.

18ஆம் தேதி பாலிஷ் தொடங்கியது. முந்தைய இரவே கண்ணாடிப் பாட்டிலில் அவலரக்கை ஸ்பிரிட்டில் ஊறப் போட்டிருந்தார். இரும்புப் பாத்திரத்தில் போட்டால் கறுத்துவிடும். காலையில் அப்பாவின் பழைய வேட்டித் துணியில் வடிகட்டினார். அதே துணியில் பஞ்சைச் சுருட்டி உள்ளங்கையில் அடங்கும் பொட்டலமாகக் கட்டி, அரக்கில் தோய்த்து, ஒரு துளி எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாக ஓட்டினார். கை மரத்தின்மேல் எங்கேயும் நிற்கவில்லை, நின்றால் ஒட்டிக்கொள்ளும். மார்கழிப் பனி தையிலும் விடவில்லை என்பதால் பத்து மணிக்கு முன்னால் தொடவே இல்லை. ஈரக் காற்றில் அரக்கு பூத்து வெளுக்கும். ஒரு நாளைக்கு இரண்டு மூன்று மெல்லிய பூச்சு, பிறகு ஓய்வு. எட்டு நாள். மெஷின் தின்ற மூலையை மட்டும் சாயம் ஏற்றி ஏற்றிச் சேர்த்தார். தெரிந்தவர் கண்ணுக்கு இன்னும் தெரியும். எனக்குத் தெரிகிறது.

மொத்தம் 13 நாள் வேலை. கூலியும் சாமானும் சேர்த்து 24,600 ரூபாய். எதற்கு எவ்வளவு என்று பேத்தியின் பள்ளி நோட்டில் எழுதி வைத்துக் காட்டினார்.

மேசையை மெல்போர்னுக்குக் கொண்டு போகலாமா என்று நானும் கேட்டுப் பார்த்தேன். 2017 முதல் ஈட்டி பன்னாட்டு வணிகக் கட்டுப்பாட்டுப் பட்டியலில் இருக்கிறது. அனுமதிச் சான்று வேண்டும். ஆஸ்திரேலியாவிலோ மரச்சாமானில் பூச்சி இருக்கிறதா என்று துருவித் துருவிப் பார்ப்பார்கள். அதற்கெல்லாம் மேலாக, இந்தக் காற்றில் காய்ந்து பழகிய மரத்தைப் பெயர்க்க வேண்டாம் என்று ஆசாரியார் சொன்னதைக் கேட்டேன்.

புதுப் பூச்சு நன்றாக இறுக இன்னும் சில வாரங்கள் வேண்டும். அதுவரை எதையும் வைக்கக் கூடாது, பிளாஸ்டிக் விரிப்புப் பக்கமே போகக் கூடாது என்று அம்மாவிடம் கண்டித்துச் சொன்னார். அதனால் நான் அந்த மேசையில் ஒரு வாய்கூடச் சாப்பிடாமல்தான் விமானம் ஏறினேன். வேலை நடந்த நாள் முழுவதும் ஆசாரியாருக்கும் திண்ணையில்தான் சாப்பாடு.

மாசியில் கடைசிப் பூச்சு ஒன்று ஓட்ட அவர் வந்த அன்று அம்மா காணொளியில் அழைத்தார். வேலையை முடித்துக் கை கழுவி வந்த ஆசாரியார் மேசையின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தார். இலையில் இடியாப்பம் போன்ற சந்தகை, பக்கத்தில் பாத்திரம் தாங்கும் பிரிமணை மேல் தேங்காய்ப் பால். "நீங்களும் உட்காருங்க அம்மா, எனக்கு வேண்டியதை நானே எடுத்துப் போட்டுக்கொள்கிறேன்" என்று அவர் சொல்வது கேட்டது. தொலைபேசி ஆடியது, விட்டத்தைக் காட்டியது, பிறகு எதன்மேலோ சாய்ந்து நின்றது. அம்மா எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டார்.