தாத்தாவின் டிரங்குப் பெட்டியும் ஒரு ஃப்ளாட்பெட் ஸ்கேனரும்

இந்த ஸ்கேனரை வாங்கியது ஒரே வேலைக்காக. தாத்தாவின் கறுப்பு டிரங்குப் பெட்டியில் இருந்ததையெல்லாம் பதிவு செய்து, குடும்பத்தில் கேட்டவர்களுக்கெல்லாம் ஒரு நினைவுப் புத்தகமாக அச்சடித்துக் கொடுக்க வேண்டும். பட்டாளத்துக்காரர் வீடுகளில் அந்தப் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள்: இரும்புத் தகடு, மூடியில் வெள்ளைப் பெயின்டில் நம்பர், ரேங்க், பெயர். தாத்தா 1963-இல் ராணுவத்தின் தகவல் தொடர்புப் பிரிவான சிக்னல்ஸில் சேர்ந்தவர். லைன்மேன், அதாவது போர்முனையில் டெலிபோன் கம்பி இழுப்பவர். ஜபல்பூரில் பயிற்சி, 1965, 1971 என்று இரண்டு போர்கள், அப்புறம் பென்ஷன். எங்களுக்குத் தெரிந்தது இவ்வளவுதான். அவர் சொன்னதும் இவ்வளவுதான்.

பிராண்ட், மாடல் எண் எதையும் எழுதப் போவதில்லை. குறைகளையும் சொல்லப் போகிறேன், மாடல்களும் மாறிக்கொண்டே இருக்கும். எந்த வகை என்பதே முக்கியம். ஏ4 அளவு கண்ணாடி, சிசிடி சென்சார் (ஒளியை உணர்ந்து படமாக்கும் பகுதி), மூடிக்குள் பிலிமுக்கான விளக்கு. இந்த மூன்றும் இருந்தால் நான் சொல்வது பெரும்பாலும் பொருந்தும்.

சிசிடி என்ற மூன்று எழுத்தைத் தேடி வாங்குங்கள். யுஎஸ்பி ஒயரிலிருந்தே கரன்ட் எடுத்துக்கொள்ளும் மெலிசான ஸ்கேனர்கள் அநேகமாக சிஐஎஸ் என்ற இன்னொரு வகை சென்சார் கொண்டவை. கண்ணாடியோடு ஒட்டிக் கிடக்கும் தாளை அவை நன்றாகவே எடுக்கும். தாள் கொஞ்சம் எழும்பினால் மங்கிவிடும். சிசிடி வகைக்குள் பிரதிபலிக்கும் கண்ணாடிகளும் லென்ஸும் இருப்பதால் சில மில்லிமீட்டர் உயரம் வரை தெளிவு குறையாது. எங்கள் பெட்டியில் இருந்த படங்களில் பாதி சுருண்டவை, அழுத்தினால் மேல்பூச்சு விரிசல் விடும். மூடியைச் சும்மா சாய்த்து வைத்தே எடுத்தேன், விளிம்பு வரை பளிச்.

மெடல்களையும் கண்ணாடிமேல் கவிழ்த்து வைத்து எடுத்தேன். 1965-க்கான ரக்ஷா மெடல், 1971-க்கான சங்ராம் மெடல், சுதந்திரத்தின் 25-ஆம் ஆண்டு மெடல், பூர்வி ஸ்டார். ரிப்பனின் நெசவு இழை வரைக்கும் தெரிகிறது. பூர்வி ஸ்டார் கிழக்குப் போர்முனையில் இருந்தவர்களுக்குக் கொடுத்தது, மேற்கே இருந்தவர்களுக்கு பஸ்சிமி ஸ்டார். தாத்தா எந்தப் பக்கம் இருந்தார் என்று என் அப்பாவுக்கும் சித்தப்பாவுக்கும் நடந்த வெகுநாள் வாக்குவாதம் அத்தோடு முடிந்தது. படம் எடுப்பதற்கு முன்னால் மெடலைப் பளபளவென்று தேய்த்துவிடலாம் என்று சித்தப்பா மகன் பித்தளை பாலிஷோடு வந்தான். விரட்டிவிட்டேன். வட்ட மெடலின் விளிம்பில் நம்பரும் பெயரும் பொறித்திருக்கும், தேய்க்கத் தேய்க்க அது மழுங்கும். அந்த விளிம்பை எந்த ஸ்கேனரும் எடுக்காது. பக்கவாட்டில் டார்ச் அடித்து செல்போனில்தான் எடுக்க வேண்டும்.

படங்களுக்கு எவ்வளவு டிபிஐ, அதாவது அங்குலத்துக்கு எத்தனை புள்ளி என்பது எல்லோரும் கேட்கும் கேள்வி. அதே அளவில் திரும்ப அச்சடிக்க 300 போதும். பழைய படங்கள் சின்னவை என்பதால் பெரிதாக்கும் ஆசை வரும். இரண்டுக்கு மூன்று அங்குலப் படத்தை 1200-இல் எடுத்தால் 2400-க்கு 3600 பிக்சல் கிடைக்கும், எட்டுக்குப் பன்னிரண்டு அங்குலம் தாராளமாக அச்சிடலாம். அதற்கு மேலே போனால் காகிதத்தின் சொரசொரப்புதான் கூடுதலாகத் தெரியும், தாத்தா முகம் தெரியாது. தரம் குறையாத டிஃப் கோப்பாகச் சேமித்து வைத்துக்கொண்டு, உறவினர்களுக்கு அனுப்ப மட்டும் அளவில் சிறிய ஜேபெக் ஆக்குங்கள்.

இனி, கூடவே வரும் மென்பொருள். இதற்கு ஒரு நட்சத்திரம்கூடக் கொடுக்க மனம் வரவில்லை. தானாக வெட்டும் வசதி, படத்தைச் சுற்றியுள்ள வெள்ளை ஓரத்தைத் தேவையில்லாத இடம் என்று நினைத்து நறுக்கிவிடுகிறது. ஸ்டுடியோக்காரர் தேதியை அச்சிட்டிருப்பது அந்த ஓரத்தில்தான், அலை அலையாக வெட்டிய அழகு இருப்பதும் அங்கேதான். அதை அணைத்துவிடுங்கள். தானாக நிறம் திருத்துவதையும் அணைத்துவிடுங்கள். எழுபதுகளின் கலர் படங்கள் இருட்டில் வைத்திருந்தாலும் பச்சைநீலச் சாயம் வெளிறிச் சிவந்துபோகும். இந்த மென்பொருள் அதைத் திருத்துகிறேன் என்று தாத்தாவின் சீருடையை ஊதாவாக்கியது. பிறகு பொறுமையாக நாமே திருத்திக்கொள்ளலாம்.

படங்களின் பின்பக்கத்தையும் எடுங்கள். இதைத்தான் அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். தாத்தா எல்லாப் படத்தின் முதுகிலும் ஊதா காப்பியிங் பென்சிலால் ஏதாவது எழுதி வைத்திருந்தார். பல இடங்களில் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அதோடு போயிற்று. கலர் படம் சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று அடுக்காக, அதாவது சேனலாகப் பதிவாகிறது. கலரில் எடுத்து, படம் திருத்தும் மென்பொருளில் பச்சை சேனலை மட்டும் தனியாகப் பிரித்துப் பார்த்தால் ஊதா எழுத்து கறுத்து மேலே வருகிறது. நீல மைக்கு இதே வித்தை சிவப்பு சேனலில். 'இடமிருந்து இரண்டாவது ஆள் லீவில் போய் திரும்பி வரவில்லை, ஊரில் கல்யாணமாம்' என்று ஒரு குரூப் போட்டோவின் பின்னால் இருந்தது. தாத்தாவுக்கு இவ்வளவு நையாண்டி வரும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

வேகம்? இல்லை. நெகட்டிவை 2400-இல் போட்டால் விளக்கு நகர்ந்து முடிவதற்குள் சில நிமிடம் ஆகிவிடுகிறது. கரகரவென்று சத்தம் வேறு. இது குறைதான், ஆனால் அப்பத்தா பக்கத்தில் உட்கார்ந்திருந்ததால் எனக்கு அது உறுத்தவில்லை. ஒரு படம் உள்ளே போய் வெளியே வருவதற்குள் அவர் கதை சொல்லி முடித்திருப்பார். "ஏத்தா, இந்தச் சட்டை அவுகளுது இல்ல. போட்டோ எடுக்க யாருகிட்டயோ வாங்கிப் போட்டது." செல்போன் ரெக்கார்டரை மேஜையில் ஓட விட்டுவிட்டேன். ஸ்கேனர் வாங்குபவர்கள் இதையும் சேர்த்துச் செய்யுங்கள். ஆனால் போனை ஸ்கேனர் இருக்கும் மேஜையிலேயே வைக்காதீர்கள், அந்தக் கரகரப்பும் சேர்ந்து பதிவாகும்.

கடிதங்கள். எல்லாமே இன்லண்ட், முகவரி 99 ஏபிஓ, அதாவது ராணுவத் தபால் நிலைய எண் மட்டும். எந்த இடத்தில் இருக்கிறோம் என்று எழுதக் கூடாது, அதனால் மாடு, கடன், கூரை, மழை. 'நான் நலம், உங்கள் நலமறிய ஆவல்' என்று தொடங்கி அதே சுருதியில் முடிந்துவிடும். 1971 டிசம்பர் கடிதம் ஒன்றில் மடிப்பில் தேய்ந்துபோன ஒரு வரி இருந்தது. சிவப்பு சேனலில் அது படிக்கக் கிடைத்தது: 'இங்கே தினமும் கம்பி அறுந்து போகிறது, தினமும் கட்டுகிறோம்.'

அப்பத்தாவுக்கு அந்த வரி ஞாபகம் இருந்தது. "கம்பி அறுந்தா கட்டுறதுதானே அவுக வேலைன்னு விட்டுட்டேன்" என்றார். தாத்தாவோடு சிக்னல்ஸில் இருந்த பெரியவர் ஒருவரிடம் போனில் படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு விளக்கினார். கம்பி தானாக அறுவதில்லை. குண்டு விழுந்தால் அறும், டாங்கி ஏறினால் அறும். லைன் செத்துவிட்டால் ராத்திரியோ பகலோ இரண்டு பேர் கிளம்ப வேண்டும். வெளிச்சம் காட்ட முடியாது. கம்பியைக் கையில் பிடித்துக்கொண்டே, அது போகிற வழியெல்லாம் நடந்து, நடுநடுவே டெலிபோனை மாட்டிச் சோதித்து, அறுந்த முனையைத் தேட வேண்டும். முனை கிடைக்கிற இடம் குண்டு விழுந்த இடம். அடுத்த குண்டும் அங்கேயே விழலாம். "உங்க தாத்தா முன்னால போவாரு, நான் பின்னால" என்றார்.

அந்தக் கடிதத்தைப் புத்தகத்தில் முழுப் பக்கத்துக்குப் போட்டிருக்கிறோம். சீருடைப் படத்துக்குக் கால் பக்கம்தான்.

நெகட்டிவ்கள் ஆக்ஃபா கிளிக் 3 கேமராவில் எடுத்தவை, 120 பிலிம், ஆறுக்கு ஆறு சென்டிமீட்டர். 2400-இல் எடுத்தால் ஒரு பக்கத்துக்கு ஐயாயிரம் பிக்சலுக்கு மேல் கிடைக்கிறது. அந்தச் சாதாரண லென்ஸுக்கு அதுவே அதிகம். அகச்சிவப்பு ஒளியால் தூசியைத் தானாக நீக்கும் வசதி இருக்கிறது என்று விளம்பரத்தில் பெருமையாகப் போட்டிருப்பார்கள். வழக்கமான கறுப்பு வெள்ளை பிலிமில் அது வேலை செய்யாது. கலர் பிலிமின் சாயம் அகச்சிவப்பை விட்டுவிடும், கறுப்பு வெள்ளை பிலிமில் உருவமாக இருக்கும் வெள்ளித் துகள் மறைத்துவிடும், அதனால் தாத்தாவே தூசியாகக் கணக்காகிறார். ஊதும் பல்பும் மெல்லிய பிரஷும் வாங்கிக்கொள்ளுங்கள். பிலிமைப் பிடிக்கும் பிளாஸ்டிக் சட்டம் அடாவடிக்கு ஆகாது, மெதுவாக மூடுங்கள்.

எழுத்தைப் படிக்கும் வசதியும் உண்டு. டைப் அடித்த ஆங்கிலத்தைப் படித்தது. தமிழ்க் கையெழுத்தை அது முயற்சிகூடச் செய்யவில்லை. கடிதங்களை நானும் அத்தையும் உட்கார்ந்து தட்டச்சு செய்தோம்.

பட்டாளத்திலிருந்து விடுபடும்போது கொடுக்கும் டிஸ்சார்ஜ் புக்கையும் பக்கம் பக்கமாக எடுத்தாயிற்று. உயரம், அங்க அடையாளம், கற்ற தொழில், பேசும் மொழிகள் எல்லாம் அதில் இருக்கிறது. நடத்தை என்ற இடத்தில் 'எக்ஸம்ப்ளரி' என்று முத்திரை. முன்மாதிரியான நடத்தை என்று படித்துக் காட்டியதும் அப்பத்தா, "ஆமா, வீட்டுக்கு வந்து கேட்டிருந்தா நான் சொல்லியிருப்பேன்" என்றார். ஒரு எச்சரிக்கை: இந்தப் பக்கங்களையும் பென்ஷன் ஆணையையும் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். குடும்ப பென்ஷன் வாங்கும் பாட்டிகளைக் குறிவைத்து ஏமாற்றுகிறவர்களுக்குத் தேவையான எல்லாமே அதில் இருக்கிறது. புத்தகத்திலும் நம்பர்களை மறைத்துத்தான் அச்சடித்தோம்.

மொத்தத்தில் ஐந்துக்கு நான்கு. குறைந்த ஒன்று மென்பொருளுக்கு. பத்துப் பன்னிரண்டு படம் மட்டும் இருந்தால் இதை வாங்க வேண்டாம், ஒரு நல்ல போட்டோ ஸ்டுடியோவில் கொடுத்து எடுத்துவிடுங்கள். கடிதமும் நெகட்டிவும் மெடலும் கலந்த பெட்டி என்றால் வாங்கலாம், அதுவும் குடும்பத்துக்கு ஒன்றாக. எங்களுடையது இப்போது தாத்தாவின் தம்பி வீட்டில் இருக்கிறது. அவர்களும் ஒரு பெட்டியைத் திறந்திருக்கிறார்கள், பச்சை சேனல் எங்கே இருக்கிறது என்று கேட்டுத் தினமும் போன் வருகிறது.