எஞ்சினைக் கழட்டிப் பூட்ட யார் சொல்வதைக் கேட்பது?

2020 மார்ச்சில் இலங்கையில் வாகன இறக்குமதி நின்றது. 2025 பெப்ரவரியில் திறந்துவிட்டார்கள், ஆனால் வரியையும் சேர்த்துப் பார்த்தால் புதுக் கார் நம்மில் பலருக்கு எட்டாது. அதனால் மட்டக்களப்பில் டொயோட்டாவின் பழைய 110 மாடல் கொரோலாக்கள் இன்னும் புகையைக் கக்கிக்கொண்டு ஓடுகின்றன. எஞ்சினை வீட்டிலேயே இறக்கிப் பார்ப்போமா என்று யோசிக்கிறவர்களும் இருக்கிறார்கள். கல்லடியில் எங்கள் வீட்டுப் போர்ட்டிகோவில் அந்த வண்டியின் 5ஏ-எஃப்இ பெற்றோல் எஞ்சின் ஒன்றைக் கழட்டிப் பூட்டியவன் நான். வழிகாட்டலுக்கு எதை நம்புவது என்று கேட்டால், நான் கம்பனியே வெளியிடும் ரிப்பெயர் மேனுவல் பக்கம்.

யூடியூப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. ரிங் அமுக்கியை எப்படிப் பிடிப்பது, வால்வ் லொக்கை எப்படி எடுப்பது என்பதெல்லாம் வாசித்து விளங்காது, பார்க்கத்தான் வேண்டும். ஆனால் தமிழில் கிடைப்பவை பெரும்பாலும் தமிழ்நாட்டில் ஓடும் வண்டிகள். எந்த மொழியானாலும், முறுக்கும் அளவு வரவேண்டிய இடத்தில் காட்சி வெட்டுப்பட்டு, "டைட் பண்ணியாச்சு" என்று அடுத்த வேலைக்குப் போய்விடுவார்கள்.

ஹெய்ன்ஸ் என்ற பிரிட்டிஷ் பதிப்பகத்தின் வாகனத் திருத்தப் புத்தகங்கள் புதியவருக்கு நல்ல துணை. உண்மையான வண்டியைக் கழட்டிப் படம் எடுத்து எழுதியவை. சிக்கல் என்னவென்றால், அவை பிரிட்டன், அமெரிக்கச் சந்தை வண்டிகளுக்கு. நம் 5ஏ அங்கே விற்கப்படவில்லை. கிட்டிய உறவு 4ஏ-எஃப்இ. இரண்டுக்கும் ஸ்ட்ரோக் (பிஸ்டன் மேலும் கீழும் ஓடும் தூரம்) 77 மில்லிமீட்டர்தான், ஆனால் போர் (சிலிண்டரின் உள்விட்டம்) 4ஏக்கு 81, 5ஏக்கு 78.7. பிஸ்டன், ரிங் அளவுகளை அந்தப் புத்தகத்தில் தேடுவது வீண்.

இனி மேனுவல். வீட்டில் எஞ்சின் பூட்டுகிறவனைக் காப்பாற்றுவதும் கவிழ்ப்பதும் அளவுகள்தான். சிலிண்டர்களை மேலே மூடும் ஹெட்டை பிளாக்கோடு பிணைக்கும் ஹெட் போல்ட்டை மட்டும் பார்ப்போம். அமெரிக்கக் கொரோலாவில் வந்த 4ஏ-எஃப்இக்கு 1992 வரை முறுக்கும் அளவு 60 நியூட்டன் மீட்டர். 1993இலிருந்து 29 நியூட்டன் மீட்டர், அதன்மேல் 90 பாகை, பிறகு இன்னொரு 90 பாகை. எஞ்சினின் பெயர் ஒன்று, முறுக்கும் முறை வேறு. "ஃபோர் ஏக்கு அறுபது" என்று யாராவது சொன்னால் அது பொய்யில்லை, உங்கள் வண்டிக்குச் சரியா என்பதுதான் கேள்வி.

கோணத்தால் ஏன் முறுக்கச் சொல்கிறார்கள்? ரென்ச்சில் கொடுக்கும் விசையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு மரையிலும் போல்ட் தலைக்கு அடியிலும் உராய்வாகவே போய்விடுகிறது. மிச்சம்தான் ஹெட்டை அமுக்கும். மரை காய்ந்திருந்தால் ஒரு அமுக்கம், எண்ணெய் பூசியிருந்தால் இன்னொன்று. மேனுவல் மரையிலும் தலைக்கு அடியிலும் மெல்லிதாக எஞ்சின் ஒயில் பூசச் சொல்கிறது. பிறகு 29க்கு முறுக்கி, ஒவ்வொரு போல்ட் தலையிலும் முன்பக்கம் பார்க்க ஒரு பெயின்ட் புள்ளி. முதல் 90இல் புள்ளி பக்கவாட்டுக்கு வரும், இரண்டாவதில் பின்னால் போய்விடும். கோண மீற்றர் வாங்கத் தேவையில்லை. இன்லெட் பக்கம் 90 மில்லிமீட்டர், எக்ஸோஸ்ட் பக்கம் 108 மில்லிமீட்டர் என்று போல்ட்கள் இரண்டு நீளம் என்பதையும் அதே பக்கத்தில் படத்தோடு போட்டிருக்கிறார்கள்.

காத்தான்குடியில் நான் போகும் கராஜின் மெக்கானிக், நான் காக்கா (அண்ணன்) என்று கூப்பிடுகிறவர், ஆரம்பத்தில் சிரித்தார்: "தம்பி, கைக்குத் தெரியும் எவ்வளவு இறுக்கிறதெண்டு." அந்தப் பக்கத்தைக் காட்டியதும் பார்த்துவிட்டு, "சரி, பெயின்டை எடுங்க" என்றார்.

காக்காவைக் குறைத்துச் சொல்லவில்லை. மேனுவலுக்குத் தெரியாத உலகம் ஒன்று இருக்கிறது. மேனுவல் புது அசல் பாகத்தையும் கம்பனி ஸ்பெஷல் டூலையும் மனதில் வைத்து எழுதப்பட்டது. கொழும்பில் வாகன உதிரிப்பாகக் கடைகள் நிறைந்த பஞ்சிகாவத்தையிலிருந்து பஸ்ஸில் வரும் கேஸ்கட் பெட்டிக்குள் இருப்பது அசலா நகலா என்று அதில் எந்தப் பக்கமும் சொல்லாது. காக்கா விரலால் தடவிச் சொல்லிவிடுவார். அளவெடுப்பதும் அப்படித்தான். போரை மேல், நடு, கீழ் என்று மூன்று இடத்தில், இரண்டு திசையில் பார்க்க வேண்டும். அதற்கான கேஜ் லேத் பட்டறையில் இருக்கும், வீட்டில் இருக்காது. ஹெட்டின் பிளாக் பக்கம் 0.05 மில்லிமீட்டருக்கு மேல் வளைந்திருந்தால் விடக்கூடாது என்பதை மேனுவலில் பார்த்துக்கொண்டு போங்கள், அளப்பதை அவர்களிடம் விடுங்கள்.

மேனுவலின் பெரிய தொல்லை, சரியானதைக் கண்டுபிடிப்பது. கம்பனியின் இணையச் சேவைகளில் பல 17 எழுத்து வின் (வண்டியின் அடையாள எண்) கேட்கும். ஜப்பான் உள்நாட்டுச் சந்தையிலிருந்து வந்த வண்டியில் அது கிடையாது, ஏஇ110 என்று தொடங்கும் ஃபிரேம் நம்பர்தான். அதனால் பெரும்பாலும் கைமாறி வரும் பிடிஎஃப்தான் கதி. பொனட்டைத் திறந்தால் தெரியும் தகட்டில் எஞ்சின் குறியீட்டைப் பாருங்கள். பிறகு பிடிஎஃப்பின் அளவு அட்டவணைக்குப் போங்கள்: போர் 78.7 என்றால் 5ஏ, 81.0 என்றால் 4ஏ. வெளியான ஆண்டு வண்டியின் ஆண்டுக்கு ஒத்துப்போகிறதா என்றும் பார்க்க வேண்டும். அட்டையில் 'கொரோலா' என்று இருப்பது போதாது.

என் எஞ்சின் இப்போது புகைக்கவில்லை, ஒயிலும் குடிக்கவில்லை. ஆனால் நெடுங்காலம் ஓடவில்லை, ஆகவே ஆயுள் பற்றிப் பேசமாட்டேன். டொயோட்டாவின் டீசல் எஞ்சின்களான 2சி, 3சி எதையும் நான் திறந்ததில்லை. அவற்றில் பிஸ்டன் பிளாக்குக்கு மேலே எவ்வளவு எழும்புகிறது என்று அளந்து அதற்கேற்ற தடிப்பில் கேஸ்கட் எடுக்க வேண்டும்; டீசலை உள்ளே அடிக்கும் பம்ப் வேலை வேறு. டீசல்காரர்கள் மேனுவலை வைத்துக்கொள்ளுங்கள், ஆனால் பம்பை அதற்கென்று இருக்கும் பட்டறைக்கே கொடுங்கள்.