கடற்கரைப் பக்கம் வீடு வாடகைக்குக் கொடுப்பவர்கள் கவனம்: குடும்பம் என்று வந்து லொட்ஜ் நடத்துகிறார்கள்

திருகோணமலையில் உப்புவெளி, அலஸ்தோட்டம், நிலாவெளிப் பக்கம் வீடு உள்ளவர்கள் வாசியுங்கள். வெளிநாட்டில் இருந்துகொண்டு இங்குள்ள வீட்டை உறவினர் பொறுப்பில் விட்டிருப்பவர்கள் கட்டாயம் வாசியுங்கள்.

அலஸ்தோட்டத்தில் ஒரு வீட்டுக்காரர் ஏமாந்த விதம் இது. மார்ச்சில் புரோக்கர் கூட்டிவந்த ஆள், "குடும்பத்தோட இருக்கப் போறம், வேலை மாற்றம்" என்று சொல்லி, பேரமே பேசாமல் மூன்று மாத முற்பணம் கொடுத்தார். முத்திரை ஒட்டிய தாளில் ஒரு வருடத்துக்குக் கையெழுத்து. குடும்பம் வரவேயில்லை. மே பிறந்ததும் அறைக்கு அறை கட்டில் போட்டு, இணையத்தில் விளம்பரம் கொடுத்து நாள் வாடகைக்கு விட்டார்கள். சுற்றுலாச் சீசன் முடிந்த செப்டம்பரில் ஆளும் இல்லை, போனும் இல்லை. வாடகைப் பாக்கிக்கும் கரண்ட் பில்லுக்கும் முற்பணம் போதவில்லை. மீற்றர் வீட்டுக்காரர் பெயரில் என்பதால் மின்சார சபை கேட்பது அவரைத்தான்.

அதைவிடப் பெரிய நட்டம் கிணறு. மணல் தரையில் நல்ல தண்ணீர் உவருக்கு மேல் மெல்லிய படையாகத்தான் நிற்கும். நாலு பேருக்கு இறைத்த கிணற்றில் பதினைந்து பேர் குளிக்க நாள் முழுக்க மோட்டர் ஓடினால் அடியிலுள்ள உவர் மேலே வரும். மாரி மழை நன்றாக ஊறும்வரை அந்தத் தண்ணீர் வாயில் வைக்க ஏலாது. மலகூடக் குழி நிரம்பி மணலில் கசிந்தால் அயல் வளவுக் கிணறும் கெடும்; சண்டைக்கு வருவது உங்களிடம்தான்.

முத்திரைத் தாளை நம்பாதீர்கள். 1840 ஆம் ஆண்டின் மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டப்படி, ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை நொத்தாரிசு முன்னும் இரண்டு சாட்சிகள் முன்னும் எழுதினால்தான் செல்லும். அப்படி எழுதினால், தவணை முடிந்தும் எழும்பாதவரை 2023 ஆம் ஆண்டின் 1 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் மாவட்ட நீதிமன்றத்தில் சுருக்க முறையில் வெளியேற்றக் கேட்கலாம். நொத்தாரிசுச் செலவுக்குப் பார்த்து இதை விடுவது பெரிய பிழை.

குத்தகை உறுதியில் இவை இருக்கவேண்டும்: வசிப்போர் எத்தனை பேர், உப வாடகையும் நாள் வாடகையும் தடை, முன்னறிவித்து வீடு பார்க்கும் உரிமை, நிரம்பிய மலகூடக் குழியைத் துப்புரவாக்கும் செலவு யாருக்கு. தவணையை மார்ச் 31 இல் முடியும்படி எழுதுங்கள். சீசனுக்காகவே வருகிறவர் இந்த இடத்தில்தான் இழுபறிப்படுவார்.

அடையாள அட்டைப் பிரதி போதாது. வேலை செய்வதாகச் சொல்லும் கந்தோருக்கு நேரில் போய் விசாரியுங்கள். சாவி கொடுக்கும் அன்றே மீற்றர் இலக்கத்தைப் படம் எடுத்து இருவரும் கையெழுத்திடுங்கள். கரண்ட் பில்லை மாதாமாதம் நீங்களே பாருங்கள். மே மாதத்தில் அலகு திடீரென இரண்டு மடங்கானால் அந்த வாரமே போய்ப் பாருங்கள்.

ஆத்திரத்தில் மட்டும் பூட்டை மாற்றாதீர்கள். வாடகைக்காரர் பொலிஸுக்குப் போனால் 1979 ஆம் ஆண்டின் முதனிலை நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டத்தின் 66 ஆம் பிரிவின் கீழ் வழக்கு வரலாம். வழக்குப் பதிவாவதற்கு முந்திய இரண்டு மாதத்துக்குள் அவர் பலவந்தமாக வெளியேற்றப்பட்டார் என்று நீதிமன்றம் கண்டால், அவரைத் திரும்ப உள்ளே விடும்படி உங்களுக்கே கட்டளை வரலாம்.