முதுகுப்பையில் சுமக்கத் தகுந்த கையேடு எது? தென்கிழக்கு ஆசியப் பயண நூல்கள் பற்றி ஒரு மதிப்பீடு

2024 ஜனவரியில் தாய்லாந்து, கம்போடியா, வியட்நாம், லாவோஸ் ஆகிய நான்கு நாடுகளை முப்பத்தெட்டு நாட்களில், கூடியவரை தரைவழியாகவே சுற்றிவரும் எண்ணத்துடன் சென்னையிலிருந்து புறப்பட்டேன். விமானக் கட்டணமும் விசாக் கட்டணமும் நீங்கலாக, உணவு, உறைவிடம், உள்ளூர்ப் போக்குவரத்து ஆகிய எல்லாவற்றுக்குமாக நாளொன்றுக்கு இரண்டாயிரம் ரூபாய்க்கு மேல் போகக்கூடாது என்று வரையறுத்துக்கொண்ட பயணம் அது. அத்தகைய பயணத்தில் ஒரு கையேட்டின் விலையே ஏறக்குறைய ஒரு நாள் செலவை எடுத்துக்கொள்ளும். அதன் எடையோ முப்பத்தெட்டு நாளும் தோளைவிட்டு இறங்காது. ஆகவே எந்த நூலை வாங்குவது என்பதற்கு நான் நிறையவே யோசித்தேன். லோன்லி பிளானட் பதிப்பகத்தின் 'சவுத்ஈஸ்ட் ஏசியா ஆன் எ ஷூஸ்ட்ரிங்' அச்சு நூலாகவும், ரஃப் கைட்ஸ் பதிப்பகம் இதே வட்டாரத்துக்கு வெளியிட்டிருக்கும் மலிவுப் பயணக் கையேடு மின்னூலாகவும் என்னுடன் வந்தன. மூன்றாவதாக, நண்பர் ஒருவர் இரவல் தந்த, 2018க்கு முன் அச்சான ஒரு பழைய கையேடும் இருந்தது. அதன் பெயரை இங்கே சொல்லப்போவதில்லை. பழைய பதிப்பை நம்பிய தவறு என்னுடையது.

அந்த மூன்றாவது நூல்தான் கையேடுகளைப் பற்றி எனக்கு அதிகம் கற்றுக்கொடுத்தது. பாங்காக்கின் ஹுவா லம்போங் நிலையத்திலிருந்து கம்போடிய எல்லை நோக்கி விடியற்காலையில் ஒரு மூன்றாம் வகுப்பு ரயில் புறப்படுகிறது. நான் சென்றபோது, தாய்லாந்து நாணயமான 'பாட்' ஐம்பதுக்கும் குறைவான கட்டணத்தில், ஏறத்தாழ ஆறு மணி நேரத்தில் எல்லைக்குக் கொண்டுபோய்ச் சேர்த்தது. இரவல் நூல் அந்த ரயிலின் கடைசி நிலையம் அரண்யபிரதேட் என்றும், அங்கே இறங்கி துக்துக் பிடித்து எல்லைக்குப் போக வேண்டும் என்றும் சொன்னதால், அப்படியே இறங்கிவிட்டேன். நான் இறங்கிய பின்னும் வெளிநாட்டுப் பயணிகள் பெட்டியிலேயே அமர்ந்திருந்ததன் காரணம் அன்றைக்கு விளங்கவில்லை. 2019 ஜூலையிலேயே அந்த ரயிலின் ஓட்டம் இன்னும் சில கிலோமீட்டர் தள்ளி, எல்லையை ஒட்டிய பான் குலோங் லுக் நிலையம்வரை நீட்டிக்கப்பட்டிருந்தது. நான் ஏறிய துக்துக்கோ, எல்லைக்கு முன்பே ஓர் அலுவலகம் போன்ற கட்டடத்தின் வாசலில் நின்றது. கம்போடிய விசாவை இங்கேதான் வாங்க வேண்டும் என்று ஒருவர் படிவத்தை நீட்டினார். அப்போது எனக்குக் கைகொடுத்ததும் அதே பழைய நூல்தான். எல்லைக்கு முன்பாக நிறுத்தப்படும் எந்த இடத்திலும் இறங்க வேண்டாம், தாய்லாந்தின் வெளியேற்ற முத்திரை பெறும்வரை யாரிடமும் பாஸ்போர்ட்டைத் தர வேண்டாம், சுற்றுலா விசாவின் அதிகாரபூர்வக் கட்டணம் 30 டாலர் என்பதை நினைவில் வைக்கவும் என்று அரைப் பக்கத்துக்கு அது எச்சரித்திருந்தது. மரியாதையாக மறுத்துவிட்டு, சாலையில் நடந்தே எல்லைக்குப் போய்ச் சேர்ந்தேன்.

ரயில் எங்கே நிற்கிறது என்பது ஆறே ஆண்டுகளில் பொய்யாகிவிட்டது. ஆனால் எல்லை எப்படி இயங்குகிறது, அங்கே யார் எதற்காகப் பயணியை அணுகுகிறார்கள் என்பது பொய்யாகவில்லை. ஒரு கையேட்டுக்குப் பணம் கொடுக்கும்போது இந்த இரண்டாவது வகை அறிவுக்குத்தான் கொடுக்கிறோம் என்பது என் உறுதியான எண்ணம். விடுதிப் பெயர்களும் படுக்கை வாடகையும் கைபேசியிலேயே அன்றன்றைக்குக் கிடைக்கின்றன. எல்லையின் நடைமுறையை, தாய்லாந்து சிம் அட்டை செயலிழந்து கம்போடிய சிம் அட்டை இன்னும் வாங்காத அந்த இடைவெளியில், வேறெதுவும் சொல்லித் தராது.

ஆகவே கடையில் ஒரு கையேட்டை எடுத்தால் வண்ணப் படங்களை விட்டுவிட்டு, முதலில் பதிப்புரிமைப் பக்கத்தைப் பார்க்க வேண்டும். அங்கே அச்சிட்ட ஆண்டு மட்டுமே இருக்கும். நூலாசிரியர்கள் ஊர் ஊராகச் சென்று தகவல் திரட்டியது பெரும்பாலும் அதற்கு ஓராண்டோ அதற்கும் மேலோ முந்தியதாக இருக்கும் என்பதை நாமே கழித்துக்கொள்ள வேண்டும். அட்டையில் புதிய பதிப்பு என்று போட்டிருந்தாலும், உள்ளே எவ்வளவு புதுப்பித்திருக்கிறார்கள் என்பது அத்தியாயத்துக்கு அத்தியாயம் வேறுபடும். தென்கிழக்கு ஆசியா பற்றிய நூலானால், அதைச் சோதிக்க நான் மூன்று பக்கங்களைப் புரட்டுவேன். கம்போடியாவின் அங்கோர் கோயில்களுக்கான நுழைவுச்சீட்டின் விலை 2017 பிப்ரவரியில் ஒரு நாளுக்கு 20 டாலரிலிருந்து 37 டாலராகவும், மூன்று நாளுக்கு 40இலிருந்து 62ஆகவும் உயர்ந்தது. பழைய விலை இருந்தால் அந்த நூலை அந்த இடத்திலேயே வைத்துவிடலாம். லாவோஸ் அத்தியாயத்தில், தலைநகர் வியஞ்சானிலிருந்து லுவாங் பிரபாங் செல்லும் வழியைப் பார்க்க வேண்டும். மலைப்பாதையில் நாள் முழுக்கப் பேருந்தில் குலுங்கிச் சென்ற அந்தத் தூரத்தை, 2021 டிசம்பரில் திறக்கப்பட்ட சீன–லாவோஸ் ரயில்பாதை ஏறத்தாழ இரண்டு மணி நேரமாகச் சுருக்கிவிட்டது. அந்த ரயிலைப் பற்றிப் பேசாத நூலின் பயணத் திட்டமே இன்று தவறு, ஏனெனில் லாவோஸில் எத்தனை நாள் தங்குவது என்ற கணக்கே அதனால் மாறிவிடுகிறது. மூன்றாவது பாங்காக். தாய்லாந்தின் வடக்கு, வடகிழக்கு, தெற்குத் திசைகளில் செல்லும் நெடுந்தூர ரயில்கள் 2023 ஜனவரி 19 முதல் ஹுவா லம்போங்கிலிருந்து குருங் தெப் அபிவட் என்னும் புதிய நிலையத்துக்கு மாற்றப்பட்டன. இதை அறியாத நூலை நம்பி இரவு ரயிலுக்குப் போகிறவர், நகரத்தின் தவறான மூலையில் நிற்பார்.

இந்தச் சோதனைகளில் தேறிய பிறகு, ஏதேனும் ஒரு பெரிய நகரத்துக்கு வந்து சேர்வது பற்றி நூல் சொல்லும் பகுதியைப் படித்துப் பார்க்க வேண்டும். இரவு பத்தரை மணிக்கு, முதுகில் பையுடன், அந்த ஊரின் மொழியில் ஒரு சொல்கூடத் தெரியாமல் இறங்குகிற ஒருவரை, வாடகைக் காரில் ஏற்றாமல் ஒரு படுக்கைவரை அந்தப் பக்கம் கொண்டுபோய்ச் சேர்க்கிறதா என்பதே கேள்வி. பாங்காக்கின் டான் முவாங் விமான நிலையத்திலிருந்து, மலிவு விடுதிகள் நிறைந்த காவ் சான் சாலைப் பக்கம் செல்லும் ஏ4 பேருந்தைக் குறிப்பிட்டு, எந்த வாசலுக்கு வெளியே நிற்க வேண்டும், கடைசிப் பேருந்து தவறினால் என்ன செய்யலாம் என்று சொல்வது பயணிக்காக எழுதப்பட்ட பக்கம். நகரத்துக்குச் செல்லப் பல வசதிகள் உள்ளன என்று மட்டும் சொல்லி, கோயில்களின் அழகை வருணிக்கத் தொடங்கும் பக்கத்தால் பையைச் சுமந்து நிற்பவருக்கு ஒரு பயனும் இல்லை.

லோன்லி பிளானட்டின் பலம் இந்த இடத்தில்தான் தெரிகிறது. டோனி வீலர், மௌரீன் வீலர் தம்பதியர் சிங்கப்பூரில் ஒரு மலிவு விடுதி அறையில் அமர்ந்து எழுதி முடித்து, 1975இல் மஞ்சள் அட்டையுடன் வந்த நூலின் வழிவந்தது இன்றைய ஷூஸ்ட்ரிங். புருணை, கிழக்குத் தைமூர் உட்படப் பதினொரு நாடுகளை ஒரே கட்டுக்குள் அடக்கும் இந்நூலில், எல்லைக் கடவைகளைத் தனிப் பெட்டிச் செய்திகளாகப் பிரித்துக் கொடுத்திருப்பதும், நாடுகளை இணைக்கும் பயணப் பாதைகளை வாரக் கணக்கில் வகுத்துத் தருவதும், நகர வரைபடங்களும் என் பயணத்துக்கு முதுகெலும்பாக இருந்தன. ஆனால் அதன் பரப்பே அதன் சுமையும் ஆகும். நான்கு நாடுகளுக்குப் போகிறவர் மீதி ஏழு நாடுகளையும் தூக்கிச் செல்கிறார். நான் சென்னையிலேயே முதுகுக் கட்டைப் பிரித்து, வேண்டிய அத்தியாயங்களை மட்டும் நூலால் தைத்து எடுத்துப்போனேன். புத்தகத்தை வெட்டுவதற்குக் கை நடுங்கியது உண்மை. இரண்டாம் வாரத்தில் தோள் அதற்கு நன்றி சொன்னது.

ரஃப் கைட்ஸ் வேறு மரபைச் சேர்ந்தது. 1982இல் மார்க் எலிங்கம் கிரீஸ் நாட்டைப் பற்றி எழுதிய நூலில் தொடங்கிய இந்த வரிசை, ஓர் ஊரின் வரலாறு, அரசியல், சமயம் ஆகியவற்றுக்குத் தாராளமாக இடம் ஒதுக்கும் வழக்கமுடையது. அங்கோரின் கோயில்களுக்கிடையே நடக்கும்போதும், நோம் பென்னில் துவோல் ஸ்லெங் சிறைச்சாலை அருங்காட்சியகத்துக்குள் நுழையும் முன்பும், நான் இதைத்தான் திறந்து படித்தேன். எதைப் பார்க்கிறோம் என்று அறியாமல் 62 டாலர் கொடுத்து மூன்று நாள் கற்களிடையே நடப்பது வீண் என்பதால், இந்தப் பக்கங்களையும் நான் சிக்கனத்தின் கணக்கில்தான் சேர்க்கிறேன். மின்னூல் வடிவத்தில் வரைபடங்கள் கைபேசித் திரையில் படிக்கவே முடியாதபடி சிறுத்துவிடுகின்றன. வரைபடத்துக்காக வாங்குவதானால் அச்சு நூலையே வாங்க வேண்டும்.

இரண்டு நூல்களுமே ஆங்கில உலகத்துப் பயணியை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை என்பதைத் தமிழ் வாசகர் மறக்கக்கூடாது. விசா அத்தியாயம் பிரிட்டிஷ், அமெரிக்க, ஆஸ்திரேலியப் பாஸ்போர்ட்டை முன்னிறுத்தியே பேசும். இந்தியப் பாஸ்போர்ட்டுக்கான விதிகளோ 2023ஆம் ஆண்டு ஒன்றிலேயே பலமுறை மாறின: ஆகஸ்டில் வியட்நாம் தன் மின் விசாவைத் தொண்ணூறு நாளாக நீட்டியது, நவம்பரில் தாய்லாந்தும் டிசம்பரில் மலேசியாவும் இந்தியர்களுக்கு விசாவின்றி நுழைவு அளித்தன. இதை எந்த அச்சு நூலிடமும் எதிர்பார்க்க முடியாது. அந்தந்த நாட்டுத் தூதரகத்தின் இணையதளத்தில் புறப்படும் வாரத்தில் பார்த்து, கையேட்டின் ஓரத்தில் பென்சிலால் எழுதிக்கொள்வதே முறை. 2025இல் தாய்லாந்து–கம்போடிய மோதலால் நான் நடந்து கடந்த அந்த எல்லையே மூடப்பட்டது என்பதை எண்ணும்போது, இந்தப் பென்சில் வேலை எவ்வளவு அவசியம் என்பது புரியும்.

உணவைப் பொறுத்தவரை, சைவ உணவினருக்கு நல்ல கையேடு செய்யும் உதவி பெரிது. தாய்லாந்தில் மஞ்சள் கொடியில் சிவப்பு எழுத்தால் குறிக்கப்படும் 'ஜே' உணவில் மீன் சாறு மட்டுமன்றி முட்டையும் பூண்டும் வெங்காயமும்கூட இருக்காது என்பதையும், 'மங்சவிரத்' என்று கேட்டால் முட்டை வரக்கூடும் என்பதையும் பிரித்துச் சொல்லும் நூல், நம் வீட்டுப் பெரியவர்களுடன் பயணம் செய்பவர்களுக்குப் பொக்கிஷம். வியட்நாமில் 'சாய்' என்று பலகை வைத்த கடைகளைத் தேட வேண்டும். சந்திர மாதத்தின் முதல் நாளிலும் பதினைந்தாம் நாளிலும் அங்கே பலர் புலால் தவிர்ப்பதால், நம் ஊர் அமாவாசை போலவே அன்றைக்குச் சைவ உணவு எளிதாகக் கிடைக்கும். இச்சொற்களை ஆங்கில எழுத்தில் மட்டுமன்றி உள்ளூர் எழுத்திலும் அச்சிட்டிருக்கிறார்களா என்று கடையிலேயே பார்த்துக்கொள்ளுங்கள். நம் உச்சரிப்பு புரியாத சமையல்காரரிடமும் ஓட்டுநரிடமும் பக்கத்தைக் காட்டினால் போதும்.

முதன்முறையாக, பல நாடுகளைத் தரைவழியாகக் கடக்கப் போகிறவர்களுக்கு ஷூஸ்ட்ரிங்கையே பரிந்துரைப்பேன். ஒரே நாட்டில் மூன்று வாரம் தங்குவோர் அந்த நாட்டுக்கான தனி நூலை வாங்கட்டும். வட்டார நூலில் அவர்களுக்குத் தேவையான சிற்றூர்கள் விடுபட்டுப் போயிருக்கும். பணம் மிகவும் இறுக்கமாக இருப்போர் பழைய புத்தகக் கடையில் ரஃப் கைட்ஸின் ஒரு பதிப்பு முந்திய நூலைத் தேடலாம். அதன் வரலாற்றுப் பக்கங்கள் பழையதாவதில்லை. போக்குவரத்துப் பக்கங்களை மட்டும், ரயில் பயணங்களுக்கென்றே பல ஆண்டுகளாக நடத்தப்படும் சீட் 61 இணையதளத்துடன் ஒப்பிட்டுத் திருத்திக்கொள்ள வேண்டும். அரண்யபிரதேட்டில் நான் ஒரு நிலையம் முன்னதாக இறங்கியிருக்க மாட்டேன், அந்தப் பத்து நிமிட வேலையைப் புறப்படும் முன் செய்திருந்தால்.