‘துவக்கையே தாங்கும்’ என்று விற்ற கமரா ஸ்டாண்ட்: யாழ்ப்பாணத்தில் வாங்க இருப்பவர்கள் கவனம்

பறவைப் படம் எடுப்பவர்கள், கலியாண வீட்டு வீடியோக்காரர்கள், பெரிய லென்ஸ் வைத்திருக்கும் யாராக இருந்தாலும் இதை ஒருமுறை வாசித்துவிடுங்கள். யாழ்ப்பாணம் டவுனில் ஒரு கடையிலும் அதன் பேஸ்புக் பக்கத்திலும் ஒரு மூன்றுகால் ஸ்டாண்ட் விற்கிறார்கள். “வெளிநாட்டு வேட்டைக்காரர் பாவிப்பது, அசல் கார்பன் பைபர், 15 கிலோ தாங்கும்” என்று விளம்பரம். 38,500 ரூபா கொடுத்து வாங்கினேன். அது கார்பன் இல்லை. 15 கிலோவை விடுங்கள், மூன்று கிலோவையே ஒழுங்காகத் தாங்கவில்லை. முறைப்பாடு கொடுத்திருப்பதால் கடையின் பெயரை இப்போதைக்கு எழுதவில்லை. சாமானை அடையாளம் காண வேண்டிய விபரம் எல்லாம் கீழே இருக்கிறது.

என்னிடம் இருப்பது 150-600 மில்லிமீற்றர் லென்ஸ். அது மட்டுமே இரண்டு கிலோவுக்குக் கிட்ட வரும். கமராவும் சேர்ந்தால் மூன்று கிலோ என்று வையுங்கள். கையில் பிடித்து எடுக்கலாம்தான், ஆனால் பண்ணைக் கடலோரத்தில் ஆலா என்ற கடற்பறவை மீனுக்குப் பாயும்வரை காத்திருக்கும்போது தோள் கழன்றுவிடும். அதுதான் ஸ்டாண்ட் தேடிப் போனேன்.

கடையில் நின்றவர் கெட்டிக்காரன். காலை விரித்து வைத்து, தன் இரண்டு கையாலும் மேலிருந்து ஓங்கி அமத்திக் காட்டினார். அசையவில்லை. “அண்ணை, இது துவக்கு வைக்கிற ஸ்டாண்ட். துவக்கு வெடிக்கிற அதிர்ச்சியையே தாங்கிறது, உங்கட கமராவைத் தாங்காதோ?” என்றார். ஸ்டாண்டின் தலையில் Y வடிவத்தில், உள்ளே ரப்பர் ஒட்டிய ஒரு கவை இருந்தது. அதைக் கழற்றிவிட்டு கமராவை எந்தப் பக்கமும் சாய்த்து இறுக்கக்கூடிய ஒரு சின்ன உருண்டைத் தலையைப் பூட்டி, “இப்ப கமராவுக்கும் சரி” என்றார்.

பெட்டியில் பெரிய துவக்குப் படம். “பெட்டி வேண்டாம் அண்ணை, வழியில ஆரும் மறிச்சா வீண் கரைச்சல்” என்று அவரே சொல்லி, பெட்டியைக் கடையில் வைத்துக்கொண்டு சாமானை மட்டும் ஒரு பையில் போட்டுத் தந்தார். எங்கள் ஊரில் அந்தப் பேச்சுக்கு யார் மறுப்புச் சொல்வார்கள்? இந்தப் பெட்டிக் கதையை நினைவில் வைத்திருங்கள், பிறகு வரும்.

பண்ணையில் முதலில் கவனித்தது, லென்ஸை எந்தக் கோணத்தில் நிறுத்தினாலும் மூக்கு மெல்ல மெல்லக் கீழே இறங்கியது. திருகை இறுக்கினால் உருண்டை நின்றது, ஆனால் அதன் மேலே இருந்த தட்டு சுற்றத் தொடங்கியது. பிறகு பலத்த காற்று ஒன்று அடித்தபோது கடல் பக்கத்துக் கால் சத்தமில்லாமல் உள்ளே வழுக்கியது. கமராவின் வார் கழுத்தில் கிடந்ததால் தண்ணீருக்குள் போகவில்லை. லென்ஸின் முன்மூடி கல்லில் அடிபட்டு வெடித்துவிட்டது. கண்ணாடிக்கு ஒன்றுமில்லை.

வீட்டுக்கு வந்து ஒரு காலின் ரப்பர் பாதத்தைக் கழற்றிப் பார்த்தேன். கறுப்புக் கட்டம் கட்டமாகத் தெரிந்தது ஒரு ஸ்டிக்கர். குழாயின் வாயில் அது மடிந்து உரிந்திருந்தது, அதற்குக் கீழே பளபளவென்று அலுமினியம். உண்மையான கார்பன் குழாய் என்றால் வெட்டுவாயும் கறுப்பாகவே இருக்கும். காந்தத்தை வைத்துப் பார்த்தால் தெரியும் என்று சிலர் சொல்வார்கள். நம்ப வேண்டாம், அலுமினியத்திலும் காந்தம் ஒட்டாது, கார்பனிலும் ஒட்டாது. நகத்தால் தட்டிப் பாருங்கள். கார்பன் மொத்தையாகச் சத்தம் போடும், அலுமினியம் கணீர் என்னும். ஏசி போட்ட கடை என்றால் தொட்டாலே தெரிந்துவிடும், அலுமினியம் சில்லிடும். அலுமினிய ஸ்டாண்ட் கெட்டது என்று நான் சொல்லவில்லை. நல்ல அலுமினியம் காலத்துக்கும் உழைக்கும், கார்பனைவிடக் கொஞ்சம் பாரம், விலையும் குறைவு. அந்த விலைக்கு விற்றால் சரி.

கனடாவில் இருக்கிற மச்சான் ஒருவன் அனுமதி எடுத்து மான் வேட்டைக்குப் போகிறவன். ஸ்டாண்டைப் படம் எடுத்து வட்ஸ்அப்பில் அனுப்பினேன். “இது துவக்கைச் சாத்தி வைக்கிற கவைத்தடியடா, இதில ஏன் கமராவைப் பூட்டினனி?” என்று கேட்டான். அவன் சொன்னதைக் கேட்ட பிறகுதான் விற்பனைக்காரரின் பேச்சில் ஓட்டை எங்கே என்று விளங்கியது.

துவக்கின் முழுப் பாரமும் தாங்கியில் இருப்பதில்லை. தொலைநோக்கி பூட்டிய வேட்டைத் துவக்கு மூன்றரை, நாலு கிலோ வரும். அதன் பின்பக்கம் சுடுகிறவரின் தோளில் இருக்கும், முன்பக்கம் மட்டும்தான் தாங்கியில் அமரும். வெடிக்கும்போது வரும் பின்னுதையும் பெரும்பாலும் தோளுக்குத்தான் போகிறது. கமராவின் கதை வேறு. அதன் முழுப் பாரமும் ஒரேயொரு திருகின் மேல் நிற்கிறது. நீள லென்ஸ் என்றால் முன்னுக்கு இழுக்கும் இழுவை வேறு. ஆகவே துவக்கைத் தாங்குகிறது என்பதால் கமராவைத் தாங்கும் என்று ஆகிவிடாது.

துவக்குக்குத் தாங்கி எடுப்பவன் கிலோக் கணக்கையே முதலில் பார்ப்பதில்லையாம், உயரத்தைத்தான் பார்ப்பானாம். துவக்கின் முன்பக்கம் பூட்டுகிற இரண்டுகால் தாங்கி என்றால், படுத்துச் சுடுவதற்கு 6 முதல் 9 அங்குலக் கால் காணும். புல் வளர்ந்த இடத்தில் அது பிரயோசனமில்லை, உட்கார்ந்து சுட 13 முதல் 27 அங்குலம் வரை நீளும் கால் வேண்டும். நின்று சுட நீளமான கவைத்தடி. சரிவான நிலத்தில் துவக்கை மட்டமாக நிறுத்த, இரண்டுகால் தாங்கியின் தலை பக்கவாட்டில் சாய வேண்டும். அதோடு குழலை ஒருபோதும் தாங்கியில் வைக்கக் கூடாது, மரப்பிடியின் முன்பகுதியைத்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் குண்டு படும் இடம் மாறிவிடும் என்றான். மலிவான தாங்கிகளில் பூட்டுத் திருகு சில வெடிக்குள் கழன்றுவிடும் என்பதும் அவன் சொன்னதுதான். நம் நாட்டில் அனுமதிப்பத்திரம் இல்லாமல் துவக்கு வைத்திருக்க முடியாது. அப்படியிருக்க இவ்வளவு கவைத்தடி இங்கே யாருக்கு? எங்கேயோ தேங்கின சாமானுக்கு ஒரு உருண்டைத் தலையைப் போட்டு கமரா ஸ்டாண்ட் ஆக்கிவிட்டார்கள் என்பது என் ஊகம்.

15 கிலோ என்ற கணக்குக்கும் வருகிறேன். ஒவ்வொரு கம்பனியும் தன் இஷ்டத்துக்கு அளந்து எழுதுகிற இலக்கம் அது. கால்களை விரித்து மேலிருந்து நேரே அமத்தினால் சுமாரான ஸ்டாண்டும் நிறையத் தாங்கும். கடைக்காரர் கையால் அமத்திக் காட்டியதும் அதைத்தான். உங்கள் லென்ஸைக் கடைக்குக் கொண்டுபோய், கால்களை முழு நீளத்துக்கு இழுத்துப் பூட்டி, லென்ஸைக் கீழ்நோக்கிச் சாய்த்து நிறுத்தி, கையை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் பாருங்கள். மூக்கு இறங்கினால் எழும்பி வந்துவிடுங்கள். கமராவின் அடியில் பூட்டுகிற தட்டு, பல கம்பனிகளும் பின்பற்றுகிற ஆர்க்கா ஸ்விஸ் வகையா என்றும் கேளுங்கள். என்னுடையது அந்த வகை என்றார்கள், ஆனால் அகலம் ஒத்துவரவில்லை, வேறு எந்தத் தட்டும் அதில் இறங்காது. நீள லென்ஸுக்கு உருண்டைத் தலையே அவ்வளவு தோதில்லை. லென்ஸைத் தொங்கவிட்டுச் சமநிலையில் ஆட்டும் கிம்பல் தலைதான் பறக்கிற பறவைக்குச் சரி.

திருப்பிக் கொண்டுபோனபோது நடந்ததுதான் இன்னும் மோசம். “ஏழு நாள் செக்கிங் வாரண்டிதான், அது முடிஞ்சுது” என்றார்கள். பில்லில் அப்படி ஒரு வரியும் இல்லை என்று காட்டினேன். உடனே பேச்சு மாறியது, உப்புத் தண்ணீர் பட்டிருக்கிறது, அது பாவித்தவரின் பிழை என்றார்கள். தீவுப்பக்கம் பறவை எடுக்கத்தான் வாங்குகிறேன் என்று வாங்கும்போதே சொல்லியிருந்தேன். கடைசியாக எடுத்துவிட்டார்கள் பெட்டியை: “பெட்டி இல்லாமல் சாமான் திருப்பி எடுக்க மாட்டம்.” பெட்டியைத் தங்கள் கடையிலேயே வைத்துக்கொண்டவர் பக்கத்தில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்! பேஸ்புக்கில் மரியாதையாக ஒரு கருத்துப் போட்டேன். அதை அழித்துவிட்டு என்னையும் தடுத்துவிட்டார்கள்.

நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறேன். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சாமான் வாங்கி மூன்று மாதத்துக்குள் முறைப்பாடு போக வேண்டும். அவர்களின் தொலைபேசி இலக்கம் 1977. கேட்டால் பில் கொடுக்க வேண்டியது வியாபாரியின் கடமை என்றும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஆனால் என் பில்லில் “ஸ்டாண்ட் 1” என்று மட்டும்தான் எழுதியிருக்கிறது. கார்பன் என்றோ 15 கிலோ என்றோ ஒரு சொல் இல்லை. நல்ல காலம், விளம்பரத்தை வாங்கும் முன்பே ஸ்கிரீன்ஷொட் எடுத்து மச்சானுக்கு அனுப்பியிருந்தேன், அதுதான் இப்போது கையில் இருக்கிற ஆதாரம். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் என்ன பொருளால் ஆனது, எத்தனை கிலோ, வாரண்டி எத்தனை நாள் என்பதைப் பில்லிலேயே எழுதித் தரச் சொல்லுங்கள். எழுத மாட்டேன் என்பவரிடம் வாங்க வேண்டாம்.

இப்போதைக்கு, பச்சை அரிசி நிரப்பித் தைத்த ஒரு துணிப்பையைக் கார் ஜன்னலில் வைத்து, அதன் மேல் லென்ஸைக் கிடத்தி எடுக்கிறேன். அந்த 38,500 ரூபா ஸ்டாண்டைவிட அது ஆடாமல் நிற்கிறது.

இதே சாமானை வாங்கியவர்கள் இருந்தால்: காலில் சாம்பல் நிறப் பூட்டு வளையம், தலையில் கழற்றக்கூடிய Y கவை, ஜெர்மன் தயாரிப்பு என்று காலில் ஒரு சின்ன ஸ்டிக்கர். பில்லும் விளம்பரப் படமும் இருக்கட்டும், எறிய வேண்டாம். மூன்று மாதம் தாண்டவில்லை என்றால் நீங்களும் எழுதிக் கொடுங்கள். எப்படி எழுதுவது என்று தெரியாவிட்டால் எனக்கு உள்பெட்டியில் செய்தி போடுங்கள், நான் கொடுத்த கடிதத்தின் பிரதி தருகிறேன்.