சுங்கை சிப்புட்டில் ஒரு மௌனப் படம்: கருத்துத் தாள்களையும் சேர்த்து ஒரு மதிப்பீடு

மலேசியாவின் பேராக் மாநிலத்திலுள்ள சுங்கை சிப்புட் வட்டாரத்து இடைநிலைப்பள்ளி மாணவர்கள் எடுத்த 18 நிமிட மௌனப் படம் அண்மையில் கோயில் மண்டபத்தில் திரையிடப்பட்டது. நுழைவுக் கட்டணம் 5 வெள்ளி (ரிங்கிட்). செம்பனை நடுவதற்காக அழிக்கப்படவிருக்கும் ரப்பர்க் காட்டில் பால் வெட்டும் ஒரு மூதாட்டியின் கடைசி வேலைநாள்தான் கதை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டில் தொடங்கி, பால் சேகரிக்கும் ஸ்டோரில் பால் நிறுப்பதோடு முடிகிறது. திரையிடலுக்குப் பின் வாங்கிய கருத்துத் தாள்களை, குறை சொன்னவற்றையும் விலக்காமல், மாணவர்கள் அறிவிப்புப் பலகையில் ஒட்டி வைத்திருந்தார்கள். அந்தத் துணிச்சலுக்காகவே படத்தைச் சற்று விரிவாக மதிப்பிட வேண்டியிருக்கிறது.

‘காட்சிகளுக்கு இடையே வரும் எழுத்து அட்டைகள் போதவில்லை, கதை புரியவில்லை’ என்பதே பெரும்பாலான தாள்களில் இருந்த குறை. இதை நான் பாதிதான் ஏற்கிறேன். மூதாட்டி மரத்தில் பால் பிடிக்கும் காலி மங்குக் கிண்ணத்தைக் கவிழ்த்து வைக்கும் காட்சியில், தமிழ் அறியாத மலாய் ஆசிரியர்களும் பக்கத்துக் கடைக்காரச் சீனரும்கூட நம்மோடு சேர்ந்துதான் அமைதியானார்கள். அங்கே ஓர் அட்டையைச் செருகினால் காட்சி கெட்டுவிடும். ஆனால் வேலையை மேற்பார்க்கும் மண்டோர் கொடுக்கும் கடிதம் வேறு விஷயம். கேமரா அதன் மேல் நெடுநேரம் நிற்கிறது, எழுத்தோ மங்கலாக இருக்கிறது. கதையே அந்தக் கடிதத்தைப் பற்றிக்கொண்டு நகரும்போது, அதைப் படிக்க முடியாமல் காட்டுவது பார்ப்பவரைத் தவிக்க விடுவதாகும்.

எனக்கு மிகவும் பயன்பட்ட கருத்து எந்தத் தாளிலும் இல்லை. முன்வரிசையில் இருந்த, ஒரு காலத்தில் பால் வெட்டிய பாட்டி ஒருவர் எழுந்து, மண்டபத் தூணில் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். “இப்படி மேலேயிருந்து வலது பக்கம் இறங்கணும்மா, நீ தலைகீழா வெட்டுறியே!” என்று நடித்த பெண்ணிடம் சொன்னதும் சிரிப்பு எழுந்தது. அவர் சொன்னதே சரி. பட்டையிலுள்ள பால் குழாய்கள் நேராக நிற்காமல் சற்றே வலப்புறம் சாய்ந்து ஏறுவதால், இடப்புறம் உயர்ந்து வலப்புறம் தாழும் வெட்டுதான் அதிகக் குழாய்களை அறுத்துப் பாலைக் கொடுக்கும். இதைச் சில்லறைத் தவறென்று தள்ளிவிட முடியாது. வசனமே இல்லாத படத்தில் கைவேலைதான் வசனம். அது பிசகினால், தொழில் தெரிந்தவர்களுக்குக் கதாபாத்திரம் உளறுவதாகவே படும். விடியுமுன் நெற்றி விளக்கோடு தொடங்க வேண்டிய வேலையை உச்சி வெயிலில் படமாக்கியிருப்பதும் இதே வகையைச் சேர்ந்தது. வெயில் ஏற ஏறப் பால் ஓட்டம் குறையும் என்பதை இந்த ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அடுத்தது வேகம். பழைய படம்போலத் தோன்ற வேண்டுமென்று ஓட்டத்தைக் கூட்டியிருக்கிறார்கள். இளையவர்கள் பலர் அதைப் பாராட்டியும் எழுதியிருந்தார்கள். உண்மையில் அக்காலப் படங்கள் பலவும் நொடிக்கு 24 சட்டங்களுக்கு (ஃபிரேம்களுக்கு) குறைவாக, 16 முதல் 20 வரையிலான வேகத்தில் கையால் சுழற்றி எடுக்கப்பட்டவை. பேசும் படத்துக்கென்று நிலைத்த 24 சட்ட வேகத்தில் பின்னாளில் ஓட்டியபோதுதான் மனிதர்கள் துள்ளித் துள்ளி நடந்தார்கள். அந்தத் துள்ளலை இங்கே வலிந்து புகுத்தியதால், பால் சேர்க்கும் காண்டா வாளியைச் சுமந்து தளர்ந்து வர வேண்டிய மூதாட்டி ஏதோ பந்தயத்தில் ஓடுகிறார். சிறுவர்கள் சிரித்ததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது.

இசையைப் பற்றிப் பலரும் நல்லபடியாகவே எழுதியிருந்தார்கள். எனக்கு அது மிகை. கடிதம் வருவதற்கு முன்பே வயலின் அழத் தொடங்கிவிடுகிறது.

நடித்த மாணவியின் முகத்தில் நல்ல கட்டுப்பாடு இருக்கிறது. ஸ்டோரில் தராசைப் பார்த்துவிட்டுக் கண்ணைத் திருப்பிக்கொள்ளும் அந்த ஒரு கணத்துக்காகவே படத்தைப் பார்க்கலாம். மறுமுறை திரையிடுமுன் வெட்டும் காட்சியை அந்தப் பாட்டியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மீண்டும் எடுத்து, ஓட்டத்தை இயல்புக்குக் கொண்டுவந்து, கடிதத்தைத் தெளிவாகக் காட்டினால் 10 வெள்ளிகூடக் கொடுக்கலாம். பின்வரிசைக்குத் தூண் மறைக்கிறது என்பதால், போகிறவர்கள் சற்று முன்னதாகச் சென்று நடுவில் இடம் பிடித்துக்கொள்வது நல்லது.