அப்கிரேட்டுக்குப் பிறகு லோட் எல்லாம் ஒரே மெசினில: என்ஜின்எக்ஸா, எச்ஏபுரொக்சியா, ஐபிவிஎஸ்ஸா?

கிளிநொச்சியில எங்கட ரியூசன் சைட்டுக்கு மூண்டு சேர்வர், முன்னால, வாறவையை மூண்டுக்கும் பிரிச்சு அனுப்புற ஒரு லோட் பலன்சர், அவ்வளவுதான் எங்கட கிளஸ்டர். பின்னேரம் ஏழு மணிக்கு மாங்குளம், புதுக்குடியிருப்பு, நெடுங்கேணி எண்டு எல்லாப் பக்கத்துப் பிள்ளையளும் ஒண்டா எம்சிக்யூ பேப்பருக்கு வருவினம், மற்ற நேரத்தில மெசின் கொட்டாவி விட்டுக்கொண்டு கிடக்கும். போயா (பௌர்ணமி) லீவு பாத்து ரெண்டு மெசினை உபுண்டு லினக்ஸ் 20.04 இல இருந்து 22.04 க்கு ஏத்தினம், மூண்டாவதைப் பிறகு பாப்பம் எண்டு விட்டாச்சு. அண்டைக்குப் பின்னேரமே முதலாவது மெசின் மூச்சு வாங்குது, மற்றது ரெண்டும் சும்மா நிக்குது. அதுக்குப் பிறகு கொஞ்ச நாள் லோட் பலன்சரா என்ஜின்எக்ஸ், எச்ஏபுரொக்சி, ஐபிவிஎஸ் எண்டு மூண்டு சொஃப்ட்வெயரையும் மாத்தி மாத்தி வச்சுப் பாத்தம், அதைத்தான் எழுதுறன். எது வேகம் எண்டது எங்களைப் போல ஆக்களுக்கு ஒரு கேள்வியே இல்லை, எங்கட ட்ரஃபிக்குக்கு மூண்டும் தாராளம். பிழைச்சா எது வாயைத் திறந்து சொல்லுது, நான் பாத்தது அதைத்தான்.

ஒண்டை முதலே சொல்லிப்போடுறன், பலன்சரைத் திட்ட முதல் அப்கிரேட் எதை மாத்தினது எண்டு பாருங்கோ. 20.04 இல, சைட்டை ஓட்டுற பிஎச்பி 7.4, 22.04 இல 8.1. ரெண்டுக்கும் கொன்பிக் (செற்றிங்) ஃபோல்டர் வேற வேற, பழைய ஃபோல்டரில நீங்கள் மாத்தி வச்சது ஒண்டும் புதுசுக்கு வராது. எங்களுக்கு செஷன் (ஆர் லொகின் பண்ணியிருக்கினம் எண்ட குறிப்பு) எல்லாம், மூண்டு மெசினும் பொதுவாப் பாக்கிற ரெடிஸ் எண்ட டேட்டா ஸ்ரோரில இருந்தது, புது ஃபோல்டரில அது டிஃபோல்டா லோக்கல் ஃபைலுக்குப் போட்டுது. ஒரு மெசினில லொகின் பண்ணின பிள்ளையை அடுத்த மெசின் ஆரெண்டே தெரியாமல் வெளிய தள்ளும். எங்கட பெடியன் ஒருத்தன் அந்தரத்தில, அப்ப பலன்சரா இருந்த என்ஜின்எக்ஸில ஐபி ஹாஷைப் போட்டான், எண்டா வாறவரின்ர ஐபி அட்ரஸை வச்சு அவரை எப்பவும் ஒரே மெசினுக்கு அனுப்புறது, லொகின் பிரச்சினை நிண்டுது, எல்லாரும் சந்தோசம். பின்னேரம்தான் விளங்கினது.

என்னண்டா ஐபி ஹாஷ் முழு அட்ரஸையும் பாக்காது, ஐபிவி4 எண்டா முதல் மூண்டு பகுதியை மட்டும்தான் பாக்கும். எங்கட பிள்ளையளில முக்காவாசிப் பேர் மொபைல் டேட்டா, கம்பனிக்காரர் நூற்றுக்கணக்கான ஃபோனை ஒரு பப்ளிக் ஐபிக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருப்பினம். கொழும்பில வீட்டுக்கு வீடு ஃபைபர் இருக்கிற இடத்தில இது ஓரளவுக்குப் பிரியும், வன்னியில ஊரே ஒரு அட்ரஸில வாற மாதிரி. இரணைமடுக் குளத்துத் தண்ணியை முறை வச்சுத் திறக்காமல் ஒரே வாய்க்காலில விட்டா மற்ற வயல் காயும்தானே.

என்ஜின்எக்ஸில எனக்கு இருக்கிற மனக்குறை இதுதான், அது ஒண்டும் சொல்லாது. இலவச வேர்சனில அது தானாப் போய் மெசினைச் சோதிக்கிறேல்லை, ஒரு ரிக்வெஸ்ட் போய் அடிபட்டாப் பிறகுதான் அந்த மெசினைப் பத்து செக்கனுக்கு ஒதுக்கி வைக்கும். அதுவும் கொனெக்சன் பிழைச்சா, ரைம் அவுட் ஆனாத்தான், மெசினில இருந்து 502 (உள்ளுக்குப் பிழை) எண்டு மறுமொழி வந்தா டிஃபோல்டில அதைப் பிழை எண்டு எடுக்கவே எடுக்காது, அப்பிடியே பிள்ளைக்கு அனுப்பிப்போடும். ஐபி ஹாஷை எடுத்து ரீலோட் பண்ணினாலும் பழைய வேர்க்கர் (வேலை செய்யிற புரோசஸ்), தன்னட்ட இருக்கிற வெப்சொக்கெட் (திறந்தபடியே நிக்கிற நீண்ட கொனெக்சன்) எல்லாம் மூடுமட்டும் பழைய கொன்பிக்கோடயே ஓடும், எங்களுக்கு லைவ் சாட் இருக்கிறபடியால் அது பாதி ராத்திரி மட்டும் போனது. மற்றபடி கொன்பிக் எழுத சுகம், மெமரியும் கொஞ்சம்தான், அதில குறை சொல்லேலாது.

எச்ஏபுரொக்சிக்கு மாறின முதல் நாள் சைட் முழுக்க 503, எண்டா அனுப்ப மெசினே இல்லை. மெசின்களின்ர நிலையைக் காட்டுற ஸ்டட்ஸ் பக்கத்தைத் திறந்தா எல்லா மெசினும் சிவப்பு, பக்கத்தில 405 எண்டு எழுதியிருக்கு. மெசின் ஒழுங்கா மறுமொழி சொல்லுதோ எண்டு கேட்டுப் பாக்கிற எச்ரிரிபி செக்கைச் சும்மா போட்டா அது கெட் எண்டு கேக்காது, ஒப்சன்ஸ் எண்டுதான் கேக்கும், எங்கட அப் அதை ஏற்காது, அதுதான் 405. கெட் எண்டு மாத்தி ஹெல்த்துக்கெண்டு ஒரு சின்னப் பக்கத்தைக் குடுத்தவுடன பச்சை. பிழைதான், ஆனா அஞ்சு நிமிசத்தில பிடிச்ச பிழை, ஏனெண்டா அது தானே சொன்னது.

அடுத்ததுதான் பொல்லாதது. மூண்டாவது மெசினை ஏத்தேக்க கொன்பிக்கைத் திருத்தி எழுதினவன் எச்ரிரிபி செக்கை விட்டுட்டு, போர்ட் திறந்திருக்கோ எண்டு மட்டும் பாக்கிற செக்கைப் போட்டுட்டான். அந்த மெசினில, வெப் சேர்வர் பிஎச்பியோட கதைக்கிற சொக்கெட்டின்ர பேர் 8.1 எண்டு மாறியிருக்கு, வெப் சேர்வர் இன்னும் 7.4 ஐத் தேடுது, எல்லாத்துக்கும் 502. போர்ட் திறந்துதான் இருக்கு, அதால பச்சை. பலன்சிங் லீஸ்ட்கொன், எண்டா ஆரட்ட கொனெக்சன் குறைவோ அவனுக்கு அடுத்தது. பிழையைக் கண் மூடி முழிக்க முதல் திருப்பி அனுப்புற மெசினில கொனெக்சன் எப்பவும் குறைவுதானே, வாறது முழுக்க அந்தக் கிணத்துக்குள்ள போய் விழுந்துது. லீஸ்ட்கொன் போடுறதெண்டா உண்மையான ஹெல்த் செக் இல்லாமல் போடாதேங்கோ.

வெப்சொக்கெட் இருக்கிறவைக்கு இன்னொண்டு. ஒண்டொண்டா ரீஸ்டார்ட் பண்ணேக்க முதல் மெசினில இருந்தவை மற்றதுக்கு ஓடுவினம், கடைசியா ரீஸ்டார்ட் பண்ணினதுக்கு ஆரும் திரும்பி வாறேல்லை, அது வெறுமையா நிக்கும். இது வருத்தம் இல்லை, நீண்ட கொனெக்சனின்ர குணம். எச்ஏபுரொக்சியில ஒரு மெசினின்ர செஷன்களை மட்டும் கட்டளை குடுத்து அறுத்து விடலாம், புது மெசினுக்கு ஸ்லோஸ்டார்ட் போட்டு மெல்ல மெல்ல லோட் ஏத்தலாம், வெயிட்டை (ஒரு மெசினுக்குப் போற பங்கை) ஓடேக்கயே மாத்தலாம். ஸ்லோஸ்டார்ட் என்ஜின்எக்ஸில காசு கட்டின வேர்சனிலதான்.

ஐபிவிஎஸ்ஸைப் பற்றிக் கனக்கக் கதைக்கத் தேவையில்லை. லினக்ஸ் கேர்னலுக்குள்ளயே இருக்கு, பறக்கும், ஆனா அதுக்கு 502 எண்டா என்னெண்டே தெரியாது. டைரக்ட் ரவுட்டிங்கில மறுமொழி நேரா பிள்ளைக்குப் போறபடியால் பலன்சர் பிழையைக் காணவே காணாது. நாங்கள் சேர்வர்களில ஏஆர்பியை, எண்டா பலன்சரின்ர ஐபி தன்னட்டயும் இருக்கெண்டு சேர்வர் நெட்வேர்க்குக்குச் சொல்றதை, அடக்கிற செற்றிங்கைக் கட்டளையில மட்டும் குடுத்துட்டு ஃபைலில எழுத மறந்துபோனம். கரண்ட் போய் வந்தவுடன ஒரு சேர்வர் "அந்த ஐபி நான்தான்" எண்டு எழும்பி நிக்க, ட்ரஃபிக் எல்லாம் பலன்சரைச் சுத்தி அதுக்கே போனது. அப்கிரேட் ரீபூட்டிலயும் இதே கூத்துத்தான் வரும். பலன்சரின்ர கவுன்டர் பூச்சியத்தில நிண்டா இதை முதல் சந்தேகப்படுங்கோ.

இன்னொரு விசயம், மூண்டு மெசினிலயும் ஒரே பத்து நிமிசத்து அக்செஸ் லொக்கை (வாற ஒவ்வொரு ரிக்வெஸ்டுக்கும் ஒரு வரி எழுதுற ஃபைல்) எடுத்து வரி எண்ணுங்கோ. எண்ணிக்கை சமன், சிபியு மட்டும் சமன் இல்லை எண்டா பலன்சரில பிழையில்லை. எங்களுக்கு ஒரு மெசினில பிஎச்பி வேர்க்கர் எண்ணிக்கை டிஃபோல்ட் 5 க்குத் திரும்பியிருந்தது, பிள்ளையள் அங்க வரிசையில நிண்டினம்.

இப்ப முன்னால எச்ஏபுரொக்சி, உள்ளுக்கு ஒவ்வொரு மெசினிலயும் வெப் சேர்வரா என்ஜின்எக்ஸ். லைவ் சாட் இல்லாத, செஷன் ரெடிஸில இருக்கிற சின்ன சைட் எண்டா என்ஜின்எக்ஸோடயே இருங்கோ, மாறுறது வீண் வேலை. அடுத்த போயாவுக்கு 24.04 ஏத்தப் போறம், அதில பிஎச்பி 8.3, திரும்பவும் புது ஃபோல்டர். இந்தமுறை பழைய ஃபோல்டரை முதலே கொப்பி எடுத்தாச்சு, முதல் மெசினுக்குப் பத்து வீத வெயிட், ஐபி ஹாஷ் போட்ட பெடியனுக்கு அண்டைக்கு ஸ்டட்ஸ் பக்கம் பாக்கிற டியூட்டி மட்டும்தான்.